எரிகாயமும் நட்டஈடும்: பெக்டரியில் கை வெந்த அண்ணாவுக்காகக் கேட்ட தங்கச்சிக்கு

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அண்ணா தேயிலை பெக்டரியில் கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையருக்குச் சூடேற்றும் போறணைக்கு விறகு போடுபவர். கதவைத் திறந்த நேரம் நெருப்பு வெளியே அடித்து, வலது கையும் முன்னங்கையும் கழுத்தின் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார்கள். இரண்டாம் நாள் டிக்கோயா ஆஸ்பத்திரி, அங்கிருந்து கண்டி. கண்டியில் தொடையிலிருந்து தோல் எடுத்துப் புறங்கையில் ஒட்டினார்கள். இப்போது ஆறு வாரம். புண் மூடிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. தோட்டத்து ஒஃபிஸில் ஒரு தொகையைச் சொல்லி, கடிதமொன்றில் கையெழுத்துக் கேட்கிறார்களாம். கை சரிவருமா, இனி என்ன வைத்தியம், அந்தக் காசை வாங்கலாமா என்று மூன்று கேள்விகள்.

நான் சத்திரசிகிச்சை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மலையகத்தில் வேலைத்தலத்தில் காயப்பட்டவர்களின் கடதாசிகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்திச் சட்டத்தரணிகளிடம் கொண்டுபோக உதவி செய்கிறேன். அதனால் மூன்றாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. அந்தக் கடிதத்தில் அண்ணா இப்போது கையெழுத்து வைக்கக் கூடாது. ஏன் என்று புரிய வேண்டுமானால், அவருடைய தோலுக்கு என்ன நடந்தது, இன்னும் என்ன நடக்கப்போகிறது என்பது தெரிய வேண்டும்.

மேல்தோல் மட்டும் வெந்தால் சிவந்து எரியும், கொப்புளம் போடாது, ஒரு வாரத்தில் உரிந்துபோகும். உள்தோலின் மேற்பகுதி வெந்தால் கொப்புளம் போட்டு, அடியில் ஈரமாக இளஞ்சிவப்பாக இருக்கும், காற்றுப் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். இது இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். சூடு உள்தோலின் அடிவரை இறங்கினால் வலி குறைந்துவிடும், விரலால் அழுத்தி விட்டாலும் இரத்தம் திரும்பிப் பாய்வது தெரியாது. முழுத்தோலும் போய்விட்டால் அந்த இடம் வெளுத்தோ கருகியோ விறைத்துக் கிடக்கும், ஊசியால் தொட்டாலும் உணர்ச்சி இருக்காது. "அவ்வளவா வலிக்கல, அதனால பெரிய காயமா இருக்காது" என்று சொல்லி டிஸ்பென்சரியில் நாள் கடத்துகிறார்களே, அங்கேதான் பலருடைய கை போகிறது. எரிகாயத்தில் வலி இல்லாமல் இருப்பது நல்ல அறிகுறி அல்ல. வலியை உணரும் நரம்பு நுனிகளே வெந்துபோய்விட்டன என்பதுதான் அதன் பொருள்.

மூன்று வாரத்துக்குள் தானாக ஆறாது என்று தெரிந்தால் டொக்டர்மார் காத்திருக்க மாட்டார்கள், வெந்து செத்த தோலை நீக்கிவிட்டு வேறு இடத்துத் தோலை ஒட்டுவார்கள். மூன்று வாரத்தைத் தாண்டி ஆறுகிற புண்ணில் தடித்த தழும்பு விழும் ஆபத்து மிகவும் கூடுகிறது என்பது இதற்குக் காரணம். அண்ணாவுக்குத் தோல் ஒட்டியிருக்கிறார்கள் என்றால் காயம் ஆழமாகத்தான் இருந்திருக்கிறது.

இனித்தான் முக்கியமான விஷயம். புண் மூடுவதோடு எரிகாயத்தின் கதை முடிவதில்லை. அடியில் தழும்பு அதன் பிறகுதான் வளரத் தொடங்கும். முதல் சில மாதங்களில் அது சிவந்து, தடித்து, மேடாகி, தாங்க முடியாத அரிப்பெடுக்கும். அதே காலத்தில் சுருங்கவும் செய்யும். ஒட்டிய தோலும் சுருங்கும். புறங்கையில் சுருங்கினால் விரல்கள் பின்னால் இழுபட்டு முஷ்டி பிடிக்க முடியாமல் போகும். விரலிடுக்கில் சுருங்கினால் விரல் விரியாது. கழுத்தில் சுருங்கினால் தலை ஒரு பக்கமாக இழுபடும். தழும்பு இளகி, நிறம் தணிந்து, முற்றி ஒரு நிலைக்கு வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் எடுக்கும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அப்போதுதான் அந்தக் கையால் எவ்வளவு வேலை செய்ய முடியும், திரும்ப ஒப்பரேஷன் தேவையா என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் உறுதியாகச் சொல்ல முடியும். ஆறாவது வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஒஃபிஸ் சொல்லும் தொகை எதை வைத்துக் கணக்குப் பார்த்தது? கை எந்த நிலையில் நிற்கப்போகிறது என்று தெரியாமலே விலை பேசுகிறார்கள்.

கை சரிவருமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாதிப் பதில் அடுத்த ஆறு மாதம் அண்ணா செய்யப்போகிற பயிற்சியில் இருக்கிறது.

வார்டில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒருவர் வேறெங்கோ கட்டுப் போட்டுக்கொண்டு வருவார். நான்கு விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றியிருப்பார்கள், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்து கிடக்கும். நாள் கணக்கில் மாற்றாத கட்டு, விளிம்பெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்திருக்கும். உப்புத்தண்ணீர் ஊற்றி ஊற்றி மெதுவாகப் பிரித்தால், சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் மெல்லிய தோல் வளர்ந்து ஒட்டத் தொடங்கியிருக்கும். அந்த ஒட்டலைப் பிரிக்க இன்னொரு ஒப்பரேஷன். கட்டும்போது ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றி, இடையில் துணி வைத்து, மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் வளைத்து, விரல் தொடங்கும் மூட்டுகளை மடக்கி, விரல்களை நேராக வைத்து, கட்டைவிரலை விலக்கி, கையை அசையாமல் பிடிக்கும் ஒரு பட்டையில் (ஸ்பிளின்ட்) கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. கையை மடியில் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருந்தால் வீக்கமும் குறைந்திருக்கும்.

உங்கள் அண்ணாவுக்குப் புண் மூடிவிட்டதால் இப்போது பிசியோதெரபிதான் மருந்து. கண்டியில் கிளினிக் போட்டிருந்தால் அதைத் தவறவிட வேண்டாம். தூரம் கஷ்டமென்றால், பயிற்சியை மட்டும் கிட்டிய ஆஸ்பத்திரியில் செய்ய ஒரு கடிதம் தரும்படி கண்டியிலேயே கேளுங்கள். டிக்கோயாவிலோ நாவலப்பிட்டியிலோ நுவரெலியாவிலோ தொடரலாம். வீட்டில் ஒரு நாளைக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம், மற்றக் கையால் ஒவ்வொரு விரல் மூட்டையும் மடக்கிப் பிடித்து விட வேண்டும். வலிக்கும். தோல் வெளிறும் அளவுக்கு இழுபட்டு, அங்கே கொஞ்சம் பிடித்து வைத்தால்தான் பயன். இரவில் பட்டை கட்டச் சொன்னால் கட்டியே தூங்க வேண்டும், தழும்பு தூக்கத்திலும் சுருங்கும்.

இறுக்கமான அழுத்தக் கையுறை தருவார்கள். குளிக்கும் நேரமும் தழும்பு தடவும் நேரமும் போக, ஒரு நாளில் 23 மணித்தியாலம் போட வேண்டிய பொருள் அது, மாதக்கணக்கில். அளவு தளர்ந்தால் புதிது கேளுங்கள். சிலிக்கோன் ஜெல் தாளும் சிலருக்குக் கொடுப்பார்கள். நன்றாக மூடிய தழும்பில் மட்டும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை வாசனையில்லாத கிறீமோ வஸ்லினோ பூசி விரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்து விடுங்கள். ஒட்டிய தோலுக்கு வியர்க்காது, எண்ணெய்ப் பசையும் வராது, அதனால் வெடிக்கும். வெயில் பட்டால் நிரந்தரமாகக் கறுத்துவிடும். நம் மலையில் மேகம் மூடியிருந்தாலும் வெயிலின் அந்தக் கதிர் முழுதாக நின்றுவிடுவதில்லை, ஆகவே நீளக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். அரிப்புக்கு மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள், நகத்தால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ள விடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. முட்டை சூடு, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும், கருவாடு அரிக்கும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோறும் ரசமும் கொடுப்பார்கள். பெரிய எரிகாயத்தில் உடம்பு தன் தசையையே கரைத்துத் தோலை ஆக்கப் பார்க்கும், அந்த நேரம் புரதத்தை நிறுத்துவது காயத்தைப் பட்டினி போடுவதற்குச் சமம். முட்டை, மீன், நெத்தலி, பருப்பு, கடலை, பால் என எது கிடைக்கிறதோ அதை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டுமே விலக்கு.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். அண்ணா இரவில் திடுக்கிட்டு விழிக்கிறாரா? போறணைப் பக்கம் போகவே பயப்படுகிறாரா, கண்ணாடி பார்ப்பதைத் தவிர்க்கிறாரா? எரிகாயப்பட்டவர்களில் இது சர்வசாதாரணம். கிளினிக்கில் சொன்னால் மனநல வைத்தியரிடம் அனுப்புவார்கள். ஆம்பிளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது சட்டம்.

வேலைத்தலத்து விபத்துக்கு இலங்கையில் முதன்மையான சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். இதன் பெரிய பலம், முதலாளி பிழை செய்தார் என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து காயம் வந்தது என்று காட்டினால் போதும். "அவன்தான் கவனமில்லாம கதவைத் திறந்தான்" என்று ஒஃபிஸில் சொன்னால் பயந்துவிடாதீர்கள். வெறும் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. குடித்திருந்ததால் நடந்தது, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்ற மாதிரிக் காரணங்களைத்தான் முதலாளி எழுப்ப முடியும், அதையும் அவர்தான் காட்ட வேண்டும்.

தொகை இரண்டு விஷயங்களை வைத்துக் கணக்கிடப்படும். ஒன்று மாதச் சம்பளம், மற்றது சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் நிரந்தரமாகப் போய்விட்டது என்பது. 2022இல் கொண்டுவந்த திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 5,50,000 ரூபாயிலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அதே திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. தோட்ட ஒஃபிஸ்களில் பலர் இன்னும் பழைய வரம்பை மனதில் வைத்தே பேசுகிறார்கள். உங்களுக்குச் சொன்ன தொகை எதன்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

சதவீதம் என்று சொன்னேன் அல்லவா, அதைத் தீர்மானிப்பது வைத்தியர். விரல் எவ்வளவு மடங்குகிறது, பிடி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார். ஆறாவது வாரத்தில் ஓரளவு மடங்கும் விரல் எட்டாவது மாதத்தில் இழுபட்டு நிற்கலாம். விடாமல் பயிற்சி செய்து நன்றாக ஆகிவிடவும் கூடும், அப்படி நடந்தால் அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது. எப்படியானாலும் தழும்பு முற்ற முன் கணக்கை முடித்தால் நட்டம் தொழிலாளிக்கே.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது, இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கணக்கை முடிப்பதைத்தான் தள்ளிப்போட வேண்டும், பதிவு செய்வதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விபத்தை எழுத்தில் அறிவிக்கும் கடிதம் இந்த வாரமே தோட்டத்துக்குப் போக வேண்டும். நடந்த தேதி, நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, கூட இருந்தவர்களின் பெயர்கள் என்று ஒரு பக்கம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம். அலுவலகம் கொழும்பில் இருக்கிறது, தோட்டத் தலைவர் மூலம் தொழிற்சங்கத்தின் மாவட்ட அலுவலகத்தைப் பிடித்தால் விண்ணப்பம் எழுத உதவுவார்கள். அதுவும் இழுபட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள், நீதிமன்ற வளாகங்களில் அவர்களுடைய அலுவலகங்களைக் காணலாம்.

சாதாரண சிவில் வழக்குக்கு, அதாவது முதலாளியின் கவனயீனத்தால் காயம் வந்தது என்று மாவட்ட நீதிமன்றத்தில் போடும் வழக்குக்கு, காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடம்தான் உண்டு. தழும்பு முற்ற எடுக்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். கை எப்படி ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்தால் வாசல் மூடிவிடும். ஆணையாளரிடம் போவதற்கும் அந்த இரண்டு வருடத்தையே வெளி எல்லையாக மனதில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு மாதத்துக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள்.

எந்த வழி நல்லது என்று கேட்பீர்கள். ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஆணையாளரிடம் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை, சீக்கிரம் முடியும், ஆனால் உச்ச வரம்பு உண்டு, பட்ட வேதனைக்கும் முகம் கழுத்து விகாரப்பட்டதற்கும் தனியாக எதுவும் கிடைக்காது. மாவட்ட நீதிமன்றத்தில் நம் நாட்டு உரோமன் டச்சுச் சட்டப்படி வேதனைக்கும் விகாரத்துக்கும் எதிர்கால வருமான இழப்புக்கும் கேட்கலாம், வரம்பு கிடையாது, ஆனால் கவனயீனத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுபடும். என் அபிப்பிராயத்தில், தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு ஆணையாளர் வழிதான் பொருந்தும். போறணைக் கதவோ காற்றாடியோ பழுது என்று முன்னமே எழுத்தில் முறையிட்டிருந்து, அதைத் திருத்தாமல் வேலை வாங்கியிருந்தால் மட்டும் சிவில் வழக்கைப் பற்றிச் சட்டத்தரணியிடம் அழுத்திக் கேளுங்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கதவை யாராவது ஃபோனில் படம் எடுத்திருக்கிறார்களா என்று உடனே விசாரியுங்கள். தடித்த கையுறையும் முகக்கவசமும் கொடுத்திருந்தார்களா என்றும் கேட்டு எழுதி வையுங்கள். தேயிலை பெக்டரி 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. விபத்தைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவித்தார்களா என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தக் கடிதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். நான் பார்த்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அரைப் பக்கம் டைப் அடித்திருக்கும். தொகை இலக்கத்தில் இருக்கும். கீழே, இது முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்ற கருத்தில் ஒரு வரி. அதற்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் குறுக்குக்கோடு, கைநாட்டு வைக்க வேண்டிய இடம். வலது கை வெந்தவரிடம் இடது பெருவிரல் அடையாளம் வாங்கிய தாளையும் பார்த்திருக்கிறேன், இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. தொழிலாளியும் முதலாளியும் சமாதானமாகப் போகலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவாக வேண்டும், தொகை போதாது என்று கண்டால் அவர் மறுக்கலாம். மரணம் நடந்த வழக்கில் பணத்தை ஆணையாளரிடம் கட்டித்தான் வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும். ஒஃபிஸ் மேசையில் முடிகிற விஷயம் இல்லை இது. செலவுக்கு அவசரமாகக் காசு தேவை என்றால், முற்பணம் என்று எழுதித் தரும்படி கேட்டு, அதற்கு மட்டும் கையெழுத்து வையுங்கள். அண்ணா ஏற்கெனவே ஏதாவது தாளில் கையெழுத்து வைத்திருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதன் பிரதியோடு சட்டத்தரணியிடம் போங்கள்.

வழக்கைத் தாங்கி நிற்பது கடதாசி. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எப்படி நடந்தது என்று கேட்டு எழுதுவார்கள். அந்த ஒரு வரி பின்னாளில் பெரும் பலம். கூடப் போனவர் தோட்டத்து உத்தியோகத்தராக இருந்து, "வீட்டுல அடுப்புல பட்டது" என்று சொல்லிவிட்டால் அதுதான் பதிவாகும். டிஸ்சார்ஜ் ஆகும்போது தந்த நோய் நிர்ணய அட்டையில், வேலை செய்யும்போது பெக்டரிப் போறணை நெருப்பால் என்று இருக்கிறதா என்று யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கிளினிக்கிலேயே டொக்டரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். டிஸ்பென்சரிப் பதிவேட்டில் முதல் நாள் எழுதியதன் பிரதி, செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், அன்றைக்குப் பேர் விழுந்ததற்கான ஆதாரம், கடைசி ஒரு வருடத்துச் சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் சேருங்கள். கைக்காசுக்கு வேலை செய்தவர்களும் மனம் தளர வேண்டாம், பேர்ப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமை இல்லை என்று ஆகிவிடாது. பணம் வாங்கியதற்கும் வேலை செய்ததற்கும் சாட்சி தேடுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு போட்டால், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும் படிவம் தருவார்கள், அவருடைய அறிக்கை நீதிமன்றத்தில் நிற்கும். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வைப்பேன் என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை அண்ணாவின் கையை, விரித்து ஒன்றும் முஷ்டி பிடிக்கச் சொல்லி ஒன்றும், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். பஸ் டிக்கெட்டையும் மருந்து ரசீதையும் ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் நிரந்தர இயலாமைக்கு ஒரு காப்புறுதிக் கொடுப்பனவு இருக்கிறது. இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியர் சான்று தந்தால் சேமலாப நிதியையும் முன்கூட்டியே எடுக்கலாம். இவை நட்டஈட்டுக்கு மேலதிகம், அதற்குப் பதிலானவை அல்ல.

உங்கள் கேள்விக்கு வெளியே, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் சிலது சொல்ல வேண்டும். மலையகத்தில் எரிகாயம் பெக்டரியைவிட லயத்துக் குசினியில்தான் அதிகம் நடக்கிறது. குளிருக்குக் குளிக்க வைத்த சுடுதண்ணியைச் சின்னப் பிள்ளை இழுத்துக் கொட்டிக்கொள்ளும், குப்பி லாம்பு சரிந்து நைலோன் சட்டை பற்றும். குப்பி லாம்பால் வெந்தவர்களைக் கண்டு கண்டு, டொக்டர் விஜய கொடகும்புர என்ற நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் குட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான, மூடி திருகும் ஒரு லாம்பைச் செய்தார். மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கரண்ட் போகும் லயங்களில் இன்னும் குப்பி லாம்பு எரிகிறது, வெற்று மருந்துப் போத்தலில் திரி போட்டதைத் தயவுசெய்து பாவிக்காதீர்கள்.

வெந்தவுடன் செய்ய வேண்டியது ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிப்பது. மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. மோதிரம், வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்க முன் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். நம் பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், ஆகவே வெந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர், மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள், குழந்தைகளென்றால் கட்டாயம். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளை, உருளைக்கிழங்கு, நீல மருந்து எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், டொக்டருக்கு ஆழமும் தெரியாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். தோட்டத்துப் பாதைக்கு அம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும், அதற்குள் அந்த 20 நிமிடத் தண்ணீரை முழுமையாகப் பிடித்துவிடுங்கள். கரண்ட் அடித்தவரைத் தொட முன் மெயினை நிறுத்துங்கள், வெளிக்காயம் சின்னதாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கரண்ட் உள்ளே தசையையும் இருதயத்தையும் தாக்கும்.

எது டிஸ்பென்சரியில் நிற்கலாம், எது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. காயப்பட்டவருடைய விரல் சேர்ந்த உள்ளங்கை அவருடைய உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பிள்ளைக்கு 10 உள்ளங்கை, பெரியவருக்கு 15 உள்ளங்கை அளவு கொப்புளம் போட்டு வெந்தால் உடம்பின் நீர் இரத்தக் குழாயிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும், முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் சேலைன் ஏறாவிட்டால் சிறுநீரகம் நின்றுவிடக்கூடும். முகம், கை, பாதம், மர்ம உறுப்பு, மூட்டு, கையைச் சுற்றி வளையமாக வெந்தது, மூடிய அறைக்குள் புகையைச் சுவாசித்தது, இவையெல்லாம் அளவு சின்னதானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான். உங்கள் அண்ணாவின் காயம் முதல் நாளே போயிருக்க வேண்டிய காயம். அந்த ஒரு நாள் தாமதத்தையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

கேஸ் வெடித்து வெந்தால் சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், ரசீது எதையும் கழுவாமல் மாற்றாமல் வையுங்கள். 2021 கடைசியில் நாடெங்கும் சிலிண்டர் வெடிப்புகள் நடந்தபோது, வாயுக் கலவையின் விகிதம்தான் கேள்விக்குள்ளானது, பொருளே சாட்சி. பொலிஸுக்கும் நுகர்வோர் அதிகாரசபைக்கும் சீக்கிரம் எழுத்தில் முறையிடுங்கள்.

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. அடுப்பு வெடித்தது என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களில் சிலருக்கு மண்ணெண்ணெய் தலையிலிருந்து வழிந்திருக்கும். வெந்த விதமே தாதிக்குக் காட்டிவிடும். கட்டிலருகே புருஷன் நிற்கும்வரை அவள் வாய் திறக்க மாட்டாள். அப்படியொருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், தனியாக இருக்கும்போது தாதியிடமோ டொக்டரிடமோ சொல்லச் சொல்லுங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 119 பொலிஸ். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை தரலாம். குற்றவாளியிடமிருந்து நட்டஈடு வாங்கித்தரவும் நீதிமன்றத்தால் முடியும்.

கடைசியாக, தங்கச்சி, அண்ணா வேலைக்குத் திரும்பலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ஒட்டிய தோல் சூட்டைத் தாங்காது, போறணைக்குத் திரும்ப அனுப்ப வேண்டாம். இலகு வேலை என்று டொக்டரிடம் எழுத்தில் வாங்கி, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒஃபிஸில் கொடுங்கள். வேறு வேலை தந்தால் அவர் போகலாம், வேலைக்குத் திரும்பினார் என்பதற்காக நட்டஈட்டு உரிமை போய்விடாது. கிளினிக் நாளில் பேர் வெட்டினால், அதாவது அன்றைய நாட்சம்பளத்தைக் குறைத்தால், அந்தத் தேதியையும் கொப்பியில் எழுதி வையுங்கள், விண்ணப்பத்தோடு அதுவும் போகட்டும்.